குப்பை நிற்கும் இடம்

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல் கணக்கு, கம்பிக் கணக்கு, சிமென்ட் மூட்டைக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் இருக்கும். இடித்ததை எங்கே போடப்போறீங்க என்று கேட்டால் மட்டும், "அத மேஸ்திரி பாத்துப்பாரு" என்பார்கள். மேஸ்திரி டிராக்டர்காரரிடம் சொல்லுவார். டிராக்டர் வரும்வரை உடைந்த செங்கல்லும் காரையும் ஓட்டுச் சில்லும் வீட்டுக்கு எதிரே தெருவில் கிடக்கும். வந்து அள்ளிய பிறகு அது எந்தப் பள்ளத்துக்குப் போனது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை.

லண்டன் பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வீட்டில் குளியலறையை இடித்தால்கூட நடைமுறை வேறு. ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்து பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். அங்கே அதற்கு 'ஸ்கிப்' என்று பெயர். லாரி வந்து தொட்டியை இறக்கிவிட்டுப் போகும், நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போகும். வாடகை பேசும்போதே கேட்டுவிடுவார்கள்: தொட்டியை உங்கள் இடத்துக்குள் வைக்கிறீர்களா, சாலையில் வைக்கிறீர்களா? பதிலைப் பொறுத்துச் செலவும் சட்டமும் மாறும்.

கேட்பதற்கு இது சின்னக் கேள்விதான். ஆனால் 'என் வீட்டுக் குப்பை யார் வாசலில் நிற்பது' என்பது அதற்குள் இருக்கிறது. அதை நம் ஊரும் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மரக்காணம் உப்பளக் கரையையும் அதற்குத் தெற்கே உள்ள இரும்பை என்ற சிற்றூரையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

குவியலாக இருந்த குப்பை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்கப் புலவர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் 'குப்பை' என்றுதான் சொல்லியிருப்பார். நற்றிணையில் உப்புக் குவியலுக்கு அந்தச் சொல்லே வருகிறது. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல், அவ்வளவுதான். அதில் அழுக்கும் இல்லை, அருவருப்பும் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நெல் குவிந்து கிடக்கும் ஊர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்?

இந்தக் கரை அப்படிப்பட்ட பழைய கரை. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனம் வட்டாரம். அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வணிகர்களான உமணர்கள் இப்படிப்பட்ட நெய்தல் கரைகளிலிருந்துதான் வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போனார்கள்.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் இருக்கிறது இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலும் கடுவெளிச் சித்தர் கதையும் அந்த ஊருக்குப் பெயர் தந்தவை. செம்மண் மேட்டு நிலம். 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் அதன் அண்டையில்தான் வளர்ந்தது. இந்த மேட்டில் பெய்யும் மழையில் ஒரு பகுதி வடிந்து கழுவேலி என்ற சதுப்பு நிலத்துக்குப் போகிறது. கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மேட்டில் இருப்பவர் எதை வீசினாலும் மழை அதைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும். இரும்பையின் புவியியலை ஒரே வரியில் சொன்னால் அதுதான்.

கொல்லையில் இருந்த சொத்து

'குப்பை' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்த பிறகும் கிராமத்தில் அது முழுக்கத் தாழ்ந்துவிடவில்லை. வட மாவட்டங்களில் இப்போதும் விவசாயிகள், "நெலத்துக்குக் குப்ப அடிக்கணும்" என்பார்கள். அவர்கள் சொல்வது தொழுஉரத்தை. மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், கூட்டிப் பெருக்கிய தூசி, மாடு தின்று கழித்த வைக்கோல் எல்லாம் வீட்டுக் கொல்லையில் ஒரு குழிக்குள் போகும். கோடையில் உழவுக்கு முன் வண்டி கட்டி வயலுக்கு அடிப்பார்கள். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று வள்ளுவரே வரிசைப்படுத்தியிருக்கிறார்.

அதனால் குப்பையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கு எளிதான விடை இருந்தது: என் இடத்தில், என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். எருக்குழியைத் தெருவில் வைத்தால் அடுத்தவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். குப்பை சொத்தாக இருக்கும்வரை அது வேலிக்கு உள்ளேதான் இருந்தது.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. எருக்குழி வைத்துக்கொள்ளக் கொல்லை வேண்டும், கொல்லை இருக்க நிலம் வேண்டும். நிலமில்லாதவருக்கு இந்தச் சொத்தும் இல்லை. ஊர் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலக் கல்வெட்டுகள் அப்பட்டமாகக் காட்டுகின்றன. வரி இல்லாத நிலங்களைச் சொல்லும்போது ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்ற வரிசையிலேயே கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாகக் குறிக்கிறார்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். எருவாகக்கூடியது கொல்லையில் தங்கியது. செத்த மாடு, மலம் போல ஊர் தொட விரும்பாததை அகற்றும் வேலை பிறப்பைச் சொல்லிச் சிலர் தலையில் ஏற்றப்பட்டது. நம் ஊரில் குப்பைக்கு இடம் ஒதுக்கிய கதையைச் சாதியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தவர்களில் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கணக்குத் தணிக்கையாளர். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர், கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் தங்கியவர். மனிதக் கழிவு உட்பட எல்லாக் கழிவும் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய பொருளாதாரம். அதே காலத்தில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு கம்போஸ்ட் குழி முறையை வகுத்து, 1931-ல் புத்தகமாக எழுதினார். இந்திய விவசாயியின் பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதை முறைப்படுத்தியவர் அவர். இருவருக்கும் குப்பை என்பது தற்காலிகமாக இடம் மாறி நிற்கும் மண்.

பிறகு ரசாயன உரம் வந்தது, மாடு குறைந்தது, பிளாஸ்டிக் வந்தது. குழிக்குள் போட்டது மக்கவில்லை. மக்காத ஒன்றைக் கொல்லையில் வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. குப்பை வேலியைத் தாண்டி வெளியே வந்தது.

தெருவுக்கு வந்த தொட்டி

நகரங்களில் இது முன்பே நடந்துவிட்டது. அங்கே குப்பை போக வயல் இல்லை. பாரிஸில் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. 1883 நவம்பரில் அந்த நகரத்தின் ஆட்சியர் யூஜீன் பூபெல் ஓர் ஆணை போட்டார்: ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்பவர்களுக்கு மூடியுள்ள தொட்டி வாங்கித் தர வேண்டும். தெருக் குப்பையைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் செலவைச் சொல்லி முணுமுணுத்தார்கள். கடைசியில் அவர் பெயரே பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயராகிவிட்டது. இவ்வளவு கோபத்தோடு யாரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை போலும்.

பூபெலின் ஆணையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டி வாங்கும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது. சென்னையில் கதை வேறு மாதிரி போனது. 1688-ல் தொடங்கிய மாநகராட்சி, 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று அமைப்பும் சட்டமும் இருந்தும், நடைமுறையில் நமக்குப் பழக்கமானது தெருமுனையில் ஒரு சிமென்ட் தொட்டி. அது யாருடையதும் இல்லை. வீட்டிலிருந்து பத்தடி நடந்து தூர நின்று வீசினால் கடமை முடிந்தது. பாதி உள்ளே விழும், மீதி வெளியே.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் தெருவுக்குத் தெரு சண்டை. எல்லோருக்கும் தெருவில் தொட்டி வேண்டும். "எங்க வீட்டு வாசல்ல மட்டும் வேணாம்." கடைசியில் அது காலி மனை, பள்ளிக்கூடச் சுவர், வாடகைக் குடித்தனம், குடிசைப் பகுதி என்று எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு நகரும். 1989-ல் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, மூன்று சக்கர வண்டியை வீட்டு வாசலுக்கே அனுப்பி வாங்கும் முறையைச் சென்னைத் தெருக்களில் பழக்கியது. 2000-ல் சில மண்டலங்களின் குப்பை தனியாருக்குப் போனது. வந்தது ஓனிக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிளை. சென்னையில் ரொம்ப நாள் எந்தக் குப்பை வண்டியைப் பார்த்தாலும், "ஓனிக்ஸ் வண்டி வந்துடுச்சு" என்றுதான் சொன்னார்கள். பூபெலுக்குக் கிடைத்த அதே மரியாதை!

அதே 2000-ல்தான் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கின் விளைவு. 2016-ல் வந்த புதிய விதிகள், வீட்டிலேயே பிரித்துக் கொடு என்பதைக் கட்டாயமாக்கின. கிராமங்களில் தூய்மைக் காவலர்கள் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார்கள். 2020-ல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாறியது. அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது பெரிதாக மாறவில்லை.

வாடகைக்கு ஒரு பெட்டி

அன்றாடக் குப்பைக்கு வண்டி வந்துவிட்டது. வீட்டை இடித்தால் வரும் குப்பை அந்த வண்டிக்கு அடங்காது. அதற்காக உருவானதுதான் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி. அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், லாரியே தூக்கிக் கவிழ்க்கும் இரும்புப் பெட்டிக்கு 1930-களில் காப்புரிமை பெற்றார். அவர் பெயரை ஒட்டித்தான் அங்கே 'டம்ப்ஸ்டர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. நம் நகராட்சிகளில் ஓடும் 'டம்பர் பிளேசர்' லாரிக்கும் ஏறத்தாழ அதே வேலைதான். பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள், சங்கிலி, நடுவில் தொட்டி. பரவலாகப் புழங்கும் தொட்டியின் கொள்ளளவு 4.5 கன மீட்டர். இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கு அதிகம் எடுக்கும் ஆறு கன கஜ ஸ்கிப்பும் கிட்டத்தட்ட இதே அளவு. பெட்டி நம்மிடமும் இருக்கிறது. அதை வீட்டுக்காரர் தன் பொறுப்பில் வாடகைக்கு எடுக்கும் பழக்கம்தான் இல்லை.

இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் 139-ஆம் பிரிவு முழுக்க இந்தப் பெட்டியைப் பற்றியது. பொதுச் சாலையில் வைப்பதென்றால் சாலை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வேண்டும். எந்த இடத்தில், என்ன அளவில், எத்தனை நாள் என்று அதில் நிபந்தனை போடலாம். இரவில் விளக்கு எரிய வேண்டும், உரிமையாளரின் பெயரும் தொடர்பும் பெட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். முனைகளில் சிவப்பு மஞ்சள் பட்டை அடிக்க வேண்டும் என்று 1984-ல் தனி விதி வந்தது. உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள சொந்த இடத்தில் வைத்தால் இந்த அனுமதி எதுவும் தேவையில்லை.

வழக்கத்தில் இன்னும் இரண்டு விதி உண்டு. விளிம்புக்கு மேல் நிரப்பக் கூடாது, லாரிக்காரர் எடுக்க மறுத்துவிடுவார். இன்னொன்று சட்டத்தில் இல்லாதது: தெருவில் வைத்த பெட்டி காலையில் பார்த்தால் தானாக நிறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பழைய மெத்தையை ராத்திரியில் போட்டுவிட்டுப் போயிருப்பார். குப்பைக்கு எல்லா ஊரிலும் ஒரே குணம். கேட்பார் இல்லாத இடம் கிடைத்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ரப்பீஸ்

நம் ஊரில் இந்தப் பெட்டி ஏன் வரவில்லை? ஏழ்மை, சந்து பொந்து என்று காரணம் சொல்லலாம். எனக்குத் தோன்றும் முக்கியக் காரணம் ஒரு சொல்லில் இருக்கிறது: ரப்பீஸ். இடிபாட்டுக்குக் கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். இங்கிலீஷில் அது வெறும் குப்பை. தமிழ் மேஸ்திரியிடம் அது சரக்கு. பள்ளமான மனை வாங்கியவர், "ரப்பீஸ் இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைப்பார். ஒரு வீட்டை இடித்தால் இன்னொரு வீட்டுக்கு அடித்தளம் மேடாகும். கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம் பழைய மரக்கடைக்கு, கம்பி இரும்புக் கடைக்கு, முழுச் செங்கல் அடுத்த சுற்றுச்சுவருக்கு. தூக்கிப்போட மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எருக்குழியின் தர்க்கமே இங்கும் ஓடுகிறது. குறை ஒன்றுதான். எருவை யார் வயலில் போடுவது என்று குழிக்காரருக்குத் தெரியும். ரப்பீஸ் எங்கே போகிறது என்று இடித்தவருக்குத் தெரியாது. 'பள்ளம்' என்று நாம் சொல்லும் இடம் பல நேரம் ஏரிக்கரை, ஓடை, தாங்கல், சதுப்பு. சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு அப்படித்தான் சுருங்கியது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அந்தச் சதுப்பிலேயே பல பத்தாண்டுகளாக வளர்ந்தது, 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்து அக்கம்பக்கத்தை மூச்சுத் திணற வைத்தது. அதே ஆண்டு பள்ளிக்கரணைக்கு ராம்சர் தகுதியும் கிடைத்தது. சதுப்புக்கு மரியாதை, அதன் ஓரத்தில் மலை போல் குப்பை, இரண்டும் ஒரே நேரத்தில்.

மரக்காணத்துக்கும் சென்னைக்கும் இடையே ஒரு நீர்வழி இருந்தது, பக்கிங்காம் கால்வாய். 1870-களின் பெரும்பஞ்சத்தில் உயிர் பிழைக்க வந்தவர்களைக் கொண்டு அடையாறையும் கூவத்தையும் அதில் இணைத்தார்கள், 1878-ல் ஆளுநரின் பெயரை வைத்தார்கள். படகில் உப்பும் விறகும் போன கால்வாய். இன்று சென்னைக்குள் அது சாக்கடை, மேலே பறக்கும் ரயிலின் தூண்கள். கேட்பார் இல்லாத பள்ளம் என்ன ஆகும் என்பதற்கு மரக்காணத்துக்காரர்கள் வேறு ஊர் தேட வேண்டாம். தங்கள் கரையில் முடியும் கால்வாயின் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்தால் போதும்.

வேலிக்கு உள்ளே

2016 மார்ச் 29-ல் இந்திய அரசு கட்டுமான, இடிபாட்டுக் கழிவுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தன் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளாட்சி சொல்லும் சேகரிப்பு மையத்தில் சேர்க்க வேண்டும். போக்குவரத்தையோ வடிகாலையோ அடைக்கும்படி போடக் கூடாது. 2025-ல் அறிவித்து 2026 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வரும்படி செய்த புதிய விதிகள், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டுமானங்களிடம் மறுசுழற்சிக் கணக்குக் கேட்கின்றன. சாதாரண வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டியது அந்தப் பழைய சொற்கள்தான்: தன் வளாகத்துக்குள்.

இரும்பையில் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டும் ஒருவர் இதைக் கடைப்பிடிக்க நினைத்தால் எங்கே வைப்பார்? இரும்புத் தொட்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், டிராக்டர் டிப்பரையே நிறுத்தி வைத்தாலும், யோசிக்க வேண்டியவை ஒன்றுதான். கேட்டுக்கு உள்ளே, சாலைக்குப் பக்கமாக. லாரி நேராகப் பின்னால் வந்து தூக்கும்படி முன்னால் இடம் வேண்டும். செங்கல் நிரம்பிய தொட்டி பல டன் கனக்கும். ஆகவே செப்டிக் டேங்க் மூடிமீதோ, தண்ணீர் சம்ப்மீதோ, புதிதாகக் கொட்டிய மண்மீதோ வைக்கக் கூடாது. தரைத்தளம் போட்டிருந்தால் அடியில் பலகை வேண்டும். தூக்கும்போது கைகள் உயரே எழும், அதனால் மின்கம்பி போகாத இடமாகப் பார்க்க வேண்டும். மழைநீர் ஓடும் வாய்க்காலை மறிக்கக் கூடாது, ஏனென்றால் இந்த மேட்டில் விழும் தண்ணீருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. மரத்தின் வேரை அழுத்தாமல் தள்ளி வைக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் தெருவில் வைத்தால், ஊராட்சியிலும் எதிர்வீட்டிலும் சொல்லிவிட்டு, ராத்திரி ஒரு விளக்காவது எரியவிட வேண்டும். இருட்டில் பைக்கில் வருகிறவர் நம் வீட்டுப் பழைய சுவரில் மோதக் கூடாது.

இதெல்லாம் தொந்தரவுதான். தன் வாசலுக்குள் ஒரு வாரம் தன் இடிபாட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது யாருக்கும் பிடிக்காது. அந்தப் பிடிக்காமையில்தான் பயன் இருக்கிறது. கண்முன்னே நின்றால் பிரிக்கத் தோன்றும், குறைக்கத் தோன்றும், எடுக்க வருகிறவரிடம் "எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்கத் தோன்றும். தெருவுக்குப் போய்விட்டால் கேட்கத் தோன்றாது.

இரும்பையிலிருந்து தெற்கே புதுச்சேரியைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்தவை உடைந்த ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் சில்லுகளும். யாரோ உடைத்துத் தூக்கி எறிந்தவை. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு வகுக்க அந்தச் சில்லுகளே பிடிமானமாயின. எறிந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் எங்கே எறிந்தார்கள் என்பது மட்டும் தெரியும். நம்மைத் தோண்டப்போகிறவர்களுக்கும் அதுதான் தெரியவரும். ஏரிக்குள்ளும் சேரியின் ஓரத்திலும் நம் சில்லுகள் கிடைத்தால், நாம் எப்படி வாழ்ந்தோம் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.